பூடெல் துத்தநாக ஆலை: பாக்டீரியா பிடித்த உலோகம் எங்கே போயிற்று? ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் தெற்கு ஓரத்தில், பெல்ஜிய எல்லையை ஒட்டி, பூடெல்-டோர்ப்ளைன் என்ற சிற்றூர் இருக்கிறது. டோர் சகோதரர்கள் 1892இல் அங்கே துத்தநாக ஆலை தொடங்கினார்கள். ஊர்ப் பெயரிலுள்ள ‘டோர்’ அவர்களுடையதுதான். 1973 வரை தாதுவை உலையிலிட்டுத் துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிர்விக்கும் பழைய முறை. அதன் பிறகு மின்னாற்பகுப்பு. எண்பது ஆண்டுக் கழிவு மணற்பாங்கான நிலத்தின் மேல் கிடந்ததால் துத்தநாகம், காட்மியம், சல்பேட் மூன்றும் மெல்ல இறங்கி நிலத்தடி நீரில் கலந்தன. அந்த நீர் பக்கத்து ஓடைகளுக்கும் குடிநீர் தரும் அடுக்குகளுக்கும் பரவாமல் தடுக்க, ஆலையைச் சுற்றிக் கிணறுகள் தோண்டி நீரை இறைத்தெடுப்பது என்று முடிவானது. இறைத்த நீரை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

1992இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் அதற்கான விடை. சல்பேட்டை ஒடுக்கும் (அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கிச் சல்பைடாக்கும்) பாக்டீரியாக்களை வைத்து, தொழிற்சாலை அளவில், கன உலோகத்தையும் சல்பேட்டையும் ஒருசேர நீக்கிய முதல் நிலையங்களில் இது ஒன்று. ஷெல் நிறுவனமும் அப்போதைய பூடெல்கோ ஆலையும் சேர்ந்து சோதித்த முறை. பாக்வெஸ் நிறுவனம் பின்னர் ‘தியோபாக்’ என்ற பெயரில் பல ஊர்களுக்குக் கொண்டுபோன தொழில்நுட்பம்.

பாசியையும் நுண்ணுயிரையும் கொண்டு உலோகத்தை நீக்குவது பற்றி ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தொழிற்சாலையில் பல்லாண்டு ஓடிய நிலையங்கள் அவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பூடெல் ஏன் நிலைத்தது, மற்றவை ஏன் ஆய்வக மேசையைத் தாண்டவில்லை என்பதற்கு எங்கள் பதில் இது: உலோகத்தை எந்த உயிரும் அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. நீரிலிருந்து பிரிந்த உலோகம் எந்த வடிவில், யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்த திட்டங்களே தேறின.

நீரும் கணக்கும்

இறைத்த நீரில் லிட்டருக்குத் துத்தநாகம் சுமார் 100 மில்லிகிராம், காட்மியம் சுமார் 1, சல்பேட் சுமார் 1000. சுத்திகரித்த பின் துத்தநாகம் 0.3க்கும், காட்மியம் 0.01க்கும், சல்பேட் 200க்கும் கீழே.

வழக்கமான வழி சுண்ணாம்பு: நீரின் காரத்தை ஏற்றி உலோகத்தை ஹைட்ராக்சைடாக இறக்குவது. அது இங்கே இரண்டு இடங்களில் தோற்கும். முதலாவது, துத்தநாக ஹைட்ராக்சைடின் கரைதிறன் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை) 9 முதல் 10க்குள் மிகக் குறைவு. அதற்கு மேலே போனால் மறுபடி கரையத் தொடங்கிவிடும். காட்மியத்துக்கோ பி.எச். 11 பக்கம் போக வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. இரண்டாவது காரணம் சல்பேட். சுண்ணாம்பு சல்பேட்டை ஜிப்சமாகத்தான் இறக்கும். ஜிப்சமே லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் கரையக்கூடிய பொருள். ஜிப்சம் தெவிட்டிய நீரில் சல்பேட் 1400 மில்லிகிராமுக்குக் குறையாது. உள்ளே வரும் நீரிலேயே 1000தான் இருக்கிறது. ஆக, சுண்ணாம்பால் ஒரு மில்லிகிராம் சல்பேட்டைக்கூட எடுக்க முடியாது. போதாததற்கு, காட்மியம் கலந்த ஹைட்ராக்சைடு சேறு மலைபோல் சேரும். அதைக் குழிக்குள் மூடி என்றென்றைக்கும் காவல் காக்க வேண்டும்.

சல்பைடின் கணக்கு வேறு. துத்தநாக சல்பைடும் காட்மியம் சல்பைடும் நடுநிலை பி.எச்.சிலேயே கிட்டத்தட்டக் கரையாதவை. சோடியம் சல்பைடு வாங்கி ஊற்றினாலும் உலோகம் இறங்கும், ஆனால் சல்பேட் அப்படியே நிற்கும். நீரிலுள்ள சல்பேட்டையே சல்பைடாக மாற்றினால் இரண்டு வேலையும் முடிந்துவிடும். டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் செய்வது அதைத்தான்: நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் அவை சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. உணவு மட்டும் நாம் கொடுக்க வேண்டும்.

பூடெலில் அந்த உணவு எத்தனால். 46 கிராம் எத்தனால் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 144 கிராம் சல்பேட் ஒடுங்கும். அதாவது ஒரு கிராம் சல்பேட்டுக்கு 0.32 கிராம் எத்தனால். லிட்டருக்கு 800 மில்லிகிராம் சல்பேட்டைக் குறைக்க 256 மில்லிகிராம். நாளொன்றுக்கு 5000 கன மீட்டர் நீர் என்று வைத்தால் 4 டன் சல்பேட், 1.28 டன் எத்தனால். பாக்டீரியா தன் உடலை வளர்க்கவும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் என்பதால் பத்து சதவீதமாவது கூட்டிக்கொள்ள வேண்டும். இயக்கச் செலவில் பெரும் பகுதி இதுதான். ‘நுண்ணுயிர் முறை மலிவு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். 100 மில்லிகிராம் துத்தநாகத்தைப் பிடிக்கத் தேவையான சல்பைடு 49 மில்லிகிராம்தான். 800 மில்லிகிராம் சல்பேட் ஒடுங்கினால் உண்டாவதோ 267. உலோகத்துக்குப் போக 218 மில்லிகிராம் சல்பைடு மிஞ்சுகிறது. அழுகிய முட்டை நாற்றமும் நச்சும் உள்ள இந்த நீரை ஓடையில் விட முடியாது. நிலையத்தில் இரண்டாவது உயிரிக்கலன் இருப்பதற்குக் காரணம் இந்த மிச்சமே.

கலன்கள்

முதல் கலன் 1800 கன மீட்டர் கொள்ளளவுள்ள யு.ஏ.எஸ்.பி. வகை: நீர் அடியிலிருந்து மேலே ஏறும், கசடு அடிப்பகுதியில் படுகையாக மிதந்து நிற்கும், வாயு மேலே பிரியும். 5000 கன மீட்டர் ஓட்டத்தில் நீர் உள்ளே தங்கும் நேரம் சுமார் எட்டரை மணி. ஒரு கன மீட்டர் கலனில் நாளுக்கு 2.2 கிலோ சல்பேட் ஒடுங்க வேண்டும். கசடு நன்றாக இருந்தால் எட்டக்கூடிய வேகம். உலோக சல்பைடு உருவாவதும் இதே கலனுக்குள்தான். வரும் நீரில் 100 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தும் பாக்டீரியா சாகாததற்குக் காரணம், உள்ளே ஏற்கெனவே நிற்கும் சல்பைடு நீர் நுழைந்த கணமே உலோகத்தைப் பிடித்துவிடுவது. சல்பைடு இருப்பு குறைந்தால் அந்தக் கவசம் போயிற்று. பாக்டீரியா நலிய, சல்பைடு இன்னும் குறைய, ஒன்றிரண்டு நாளில் கலன் விழுந்துவிடும். ஆகவே இங்கே கண்காணிக்க வேண்டிய முதல் எண், வெளியேறும் நீரிலுள்ள சல்பைடு. துத்தநாகம் ஏறிவிட்டது என்று ஆய்வக அறிக்கை சொல்லும்போது ஏற்கெனவே தாமதம்.

சல்பேட் ஒடுங்கும்போது காரத்தன்மையும் பிறக்கிறது. 800 மில்லிகிராமுக்குக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 830 மில்லிகிராம். உலோகம் சல்பைடாகும்போது வெளிவரும் அமிலம் இதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட விழுங்காது. அமில நீரைத் தனியாக நடுநிலையாக்கும் செலவு பெரிதும் மிச்சம். ஆனால் கால்சியம் மிகுந்த நீரில் இதே காரத்தன்மை குழாயிலும் வால்விலும் சுண்ணாம்புப் பாறையாகப் படியும்.

அடுத்தது காற்றூட்டும் கலன். இங்கே சல்பைடை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள், தயோபாசில்லஸ் வகை, தாங்கிகளின் மேல் படலமாக வளர்கின்றன. நோக்கம் சல்பைடைத் தனிமக் கந்தகமாக மாற்றுவது. காற்று சற்றே கூடினால் அது கந்தகத்தோடு நிற்காது, மறுபடி சல்பேட்டாகிவிடும். எத்தனால் செலவழித்து ஒடுக்கிய சல்பேட் அப்படியே திரும்பி வரும். கந்தகத்துக்கு ஒரு மூலக்கூறு சல்பைடுக்கு அரை மூலக்கூறு ஆக்சிஜன் போதும், சல்பேட்டுக்கு இரண்டு. நான்கு மடங்கு வித்தியாசம். மிச்சமான 218 மில்லிகிராமுக்குத் தேவை லிட்டருக்கு சுமார் 109 மில்லிகிராம் ஆக்சிஜன் மட்டுமே. கரைந்த ஆக்சிஜன் மானியை நம்பி இதைக் கட்டுப்படுத்த முடியாது. சரியாக ஓடும்போது அது பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தத்தை அளந்து, அதைக் கொண்டு காற்றூதியைத் திருப்ப வேண்டும்.

பிறகு சாய்தகட்டுத் தொட்டியில் கசடு இறங்குகிறது. மணல் வடிகட்டி கடைசி நுண்துகளைப் பிடிக்கிறது. மணல் வடிகட்டியை ஆடம்பரம் என்று விட்டுவிடக் கூடாது. உயிரிச் சல்பைடு உலோகத்தைச் சந்திக்கும் இடத்தில் படிகம் வளர நேரமே கிடைப்பதில்லை. மிக நுண்ணிய துகள்களாகத் தெறிக்கும். 0.45 மைக்ரான் வடிதாளையும் தாண்டிப் போகும் துகள்கள் அவற்றில் உண்டு. அப்போது அறிக்கையில் ‘கரைந்த துத்தநாகம்’ என்று வருவது உண்மையில் கரைந்ததே அல்ல. எத்தனாலைக் கூட்டினால் அது குறையாது. திரட்டும் பாலிமரும் நல்ல வடிகட்டியும்தான் குறைக்கும்.

கசடு திரும்பிய வழி

5000 கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 500 கிலோ துத்தநாகம். சல்பைடாக சுமார் 745 கிலோ. கூடவே கந்தகம். இந்தக் கலவை அப்படியே ஆலையின் வறுப்பு உலைக்குப் போயிற்று. மின்னாற்பகுப்பு முறைத் துத்தநாக ஆலையின் வழக்கமான மூலப்பொருளே துத்தநாக சல்பைடுத் தாதுதான்: வறுத்தால் துத்தநாகம் ஆக்சைடாகும், கந்தகம் கந்தக டைஆக்சைடாகிக் கந்தக அமிலமாகும், காட்மியம் ஆலையின் தூய்மையாக்கும் படியில் தனியே பிரியும். பாக்டீரியா தந்தது, ஆலை காசு கொடுத்து வாங்கும் தாதுவின் அதே வேதிப்பொருள். புதைக்க எதுவுமில்லை.

துத்தநாகத்தின் விலை இங்கே பெரிய விஷயமில்லை. அரை டன் துத்தநாகத்தால் எத்தனால் செலவை நியாயப்படுத்தும் கணக்கு எல்லா நேரத்திலும் கைகூடும் என்று நம்ப முடியாது. மிச்சப்பட்டது கசடைப் புதைக்கும் பொறுப்பு. பக்கத்தில் உருக்காலை இல்லாத இடத்தில் இதே நிலையத்தை அப்படியே கட்டினால், காட்மியம் கலந்த சல்பைடுக் கசடு உங்கள் கையில் நிற்கும்.

முறை பிடித்துப்போனதால் 1990களின் இறுதியில் ஆலையின் செயல்முறைக் கழிவுநீருக்கு இரண்டாவது நிலையம் வந்தது. 500 கன மீட்டர் வாயுத்தூக்குக் கலன் (வாயுக் குமிழ்களே நீரைச் சுழற்றும் வகை). உணவு எத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜன், இயற்கை எரிவாயுவிலிருந்து அங்கேயே தயாரிப்பது. ஒரு கிலோ சல்பேட்டுக்குக் குறைந்தது 0.93 கன மீட்டர் ஹைட்ரஜன் வேண்டும். சுண்ணாம்பு போட்டு ஜிப்சம் உண்டாக்கிவந்த வேலைக்கு இது மாற்றாக அமைந்தது. சல்பேட் சுமை பெரிதாகும்போது ஹைட்ரஜன் எத்தனாலைவிடச் சிக்கனம். நீரில் கரிமப்பொருள் மிச்சமும் தங்காது. சிறிய ஓட்டத்துக்கு ஹைட்ரஜன் ஆலை கட்டுவது வீண் வேலை.

பாசியால் செய்திருந்தால்?

பழுப்புக் கடற்பாசிகளின், குறிப்பாக சர்காசத்தின், செல்சுவரில் ஆல்ஜினேட் நிறைய உண்டு. அதன் கார்பாக்சில் தொகுதிகள் கால்சியத்தை விட்டுவிட்டு உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும். உயிர் வேண்டியதில்லை, உலர்ந்த பாசியே போதும், அதுவே வசதியும்கூட. நல்ல பாசியின் கொள்திறன் கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல். துத்தநாகத்தில் 65 மில்லிகிராம், காட்மியத்தில் 112.

நாளுக்கு 500 கிலோ துத்தநாகத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: ஒருமுறைப் பயன்பாடு என்றால், முழுக் கொள்திறனும் கிடைத்தால்கூட, தினம் 7.6 டன் உலர்ந்த பாசி. அமிலத்தால் கழுவி மறுபடி பயன்படுத்தலாம்; அப்போது உலோகம் செறிந்த அமிலக் கரைசல் வரும், அதைத் தனியாகக் கையாள வேண்டும். சல்பேட் 1000 என்பது 1000ஆகவே வெளியே போகும். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த நீரில் கொள்திறன் இன்னும் சுருங்கும். பி.எச். 3க்குக் கீழே கார்பாக்சில் தொகுதிகளை ஹைட்ரஜன் அயனியே அடைத்துக்கொள்ளும். பாசி ஏறக்குறைய சும்மா கிடக்கும்.

ஆனால் லிட்டருக்குச் சில மில்லிகிராமோ அதற்கும் குறைவோ உலோகம் உள்ள நீரில், அதுவும் பாதரசம் போல மிகக் குறைந்த வரம்புக்கு இறக்க வேண்டிய இடத்தில், கணக்கு தலைகீழாகும். 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பாதரசம் கலந்த நிலத்தடி நீரில் சோதிக்கப்பட்ட ‘ஆல்காசார்ப்’ அப்படிப்பட்டது: குளோரெல்லாப் பாசியைச் சிலிக்கா கூழுக்குள் பதித்து, அயனிமாற்றிப் பிசின்போலக் குழாயில் நிரப்பினார்கள். பாசியை அப்படியே நிரப்பினால் ஊறிப் பிசுபிசுத்து ஓட்டத்தை அடைத்துவிடும். பதிப்பதன் நோக்கம் அதைத் தவிர்ப்பது. கடைசிக்கட்ட மெருகுக்குத்தான் பாசி என்பது எங்கள் கருத்து. அங்கேயும் அதன் போட்டியாளர் செயற்கைப் பிசின். தரம் ஒரே சீராக வரும் பிசினிடம் பாசி பெரும்பாலும் தோற்றிருக்கிறது.

உயிருள்ள பாசிக்குளங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழக் குளத்தில் பாசி பகலில் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். 9, 10 என்று ஏறும். துத்தநாகமும் தாமிரமும் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் அடியில் இறங்கிவிடும். பிற்பகலில் மாதிரி எடுப்பவர் ‘பாசி 95 சதவீதம் உறிஞ்சியது’ என்று எழுதுவார். இரவில் சுவாசத்தால் பி.எச். இறங்கும்போது ஒரு பகுதி மறுபடி கரையும். விடியற்காலை மாதிரியும், பாசியே இல்லாமல் அதே பி.எச்.சுக்குக் காரம் சேர்த்த ஒப்பீட்டுக் குடுவையும் இல்லாத எந்த முடிவையும் நம்ப வேண்டாம்.

இரண்டையும் சேர்க்கும் அழகான வழி ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாசிக்குளத்தையும் சல்பேட் ஒடுக்கும் குளத்தையும் தொடராக இணைத்துச் சோதித்தார்கள்: பாசியின் உடல் பாக்டீரியாவுக்கு உணவு, பாசி ஏற்றிய காரத்தன்மை உலோகத்தை இறக்க உதவி. இடமும் வெயிலும் தாராளமாக வேண்டும்.

சோதனைக் கலன் தொடங்க

முதலில் நீரின் முழுப் பகுப்பாய்வு. ஒவ்வொரு உலோகத்தின் மில்லிகிராம் அளவையும் அதன் அணு எடையால் வகுத்துக் கூட்டுங்கள் (துத்தநாகம் 65.4, காட்மியம் 112.4, தாமிரம் 63.5, நிக்கல் 58.7, ஈயம் 207.2, இரும்பு 55.8), கூட்டுத்தொகையை 32ஆல் பெருக்கினால் வேண்டிய சல்பைடு. இரும்பை மறப்பது வழக்கமான பிழை. சுரங்க நீரில் சல்பைடின் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். அலுமினியமும் குரோமியமும் நீரில் சல்பைடாவதில்லை, பி.எச். ஏறினால் ஹைட்ராக்சைடாக இறங்கும். கணக்குக்கு மேல் 50 மில்லிகிராம் சல்பைடு மிச்சம் நிற்கும்படி சல்பேட்டும் உணவும் இருக்க வேண்டும்.

விதைக்கசடு: ஓடிக்கொண்டிருக்கும் யு.ஏ.எஸ்.பி. கலனின் மணிமணியாகத் திரண்ட கசடு கிடைத்தால் மிக நல்லது; இல்லையேல் கழிவுநீர் நிலையத்தின் காற்றில்லாச் செரிப்பான் கசடு. கலனின் நான்கில் ஒரு பங்கு. முதல் இரண்டு மூன்று வாரம் உலோகமே இல்லாத நீர்: சல்பேட் 1000, எத்தனால் 350 மில்லிகிராம், சிறிது அம்மோனியமும் பாஸ்பேட்டும், பி.எச். 7 முதல் 7.5, வெப்பம் 30 டிகிரி. சல்பைடு 150ஐத் தாண்டி நிலையாக நின்ற பிறகு தொடர் ஓட்டம். தங்கும் நேரத்தை 48 மணியிலிருந்து 24, 12 என்று குறையுங்கள். உலோகத்தைக் கால்பங்கு கால்பங்காக ஏற்றி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின் சல்பைடு மீண்டு வரும்வரை காத்திருங்கள்.

எத்தனால் பாதியில் நின்று அசிட்டேட்டாகத் தங்குவதுதான் அடிக்கடி வரும் கோளாறு. சல்பேட் குறைவது நிற்கும், வெளிநீரில் சி.ஓ.டி. (கரிமப்பொருள் எவ்வளவு என்று காட்டும் அளவு) ஏறும். அசிட்டேட்டைத் தின்னும் சல்பேட் ஒடுக்கிகள் மெதுவாக வளர்பவை. மீத்தேன் நுண்ணுயிர்களும் அதே உணவுக்குப் போட்டி. எத்தனாலைக் கூட்டினால் அசிட்டேட்தான் கூடும். தங்கும் நேரத்தை நீட்டி, வெப்பத்தைச் சரிபார்த்துப் பொறுத்திருக்க வேண்டும். பி.எச். 7க்குக் கீழே இறங்கினால் சல்பைடில் பாதிக்கும் மேல் கரைந்த வாயுவாக நின்று, அதை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கே நச்சாகும்.

அமிலம் அதிகமுள்ள, பல உலோகங்கள் கலந்த நீருக்குக் கலனுக்குள்ளேயே வீழ்படிவாக்க வேண்டாம். சல்பைடு வாயுவை மட்டும் தனித்தொட்டிக்குக் கொண்டுபோய் நீரில் செலுத்தலாம். பி.எச். 2 அளவிலேயே தாமிரம் சல்பைடாக இறங்கும். துத்தநாகத்துக்கு 4க்கு மேல் ஏற்ற வேண்டும். இரண்டும் தனித்தனிக் கசடாகக் கிடைத்தால் வாங்க ஆள் கிடைப்பதும் எளிது.

ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொல்லும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றது என்பது வாயு போய்விட்டது என்பதற்கு அடையாளமல்ல. 10 பங்கில் ஒலிக்கும் கருவி இல்லாமல் கலனின் மூடியைத் திறக்கக் கூடாது, தனியாளாகவும் கூடாது. வெளியேறும் வாயுவைத் துத்தநாக சல்பேட் கரைசலில் குமிழ்விட்டால் சல்பைடு அங்கேயே வெண்ணிறமாகப் பிடிபடும்.

மாதிரி எடுப்பதில்: சல்பைடுக்குத் துத்தநாக அசிட்டேட் போட்டு உடனே நிலைப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் குப்பி ஆய்வகம் போவதற்குள் பாதி பறந்திருக்கும். உலோகத்துக்கு முதலில் வடிகட்டி, பிறகு நைட்ரிக் அமிலம். வரிசை மாறி அமிலத்தை முதலில் ஊற்றினால் மிதக்கும் சல்பைடுத் துகளெல்லாம் கரைந்து கரைந்த உலோகமாகக் கணக்கில் ஏறும். கலன் நன்றாக ஓடும்போதே பழுது என்று அறிக்கை வரும்.

கசடைக் குவித்துக் காயப்போடவும் கூடாது. ஈரமும் காற்றும் பட்ட துத்தநாக சல்பைடும் கந்தகமும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டும் அமிலமும் ஆகும். முதல் மழையில் துத்தநாகமும் காட்மியமும் மறுபடி மண்ணுக்குள் இறங்கும். அழுத்தி நீர் பிழிந்து, மூடிய கொள்கலனில் வைத்து, உருக்காலைக்கு அனுப்பும் தேதியைக் கலன் தொடங்குமுன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குளோரைடு, ஃபுளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பும் அதே தாளில் இருக்கட்டும். மின்னாற்பகுப்புத் தகடுகளை அரிப்பவை அவை, ஆலை சரக்கைத் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் அதற்காகத்தான்.